பாம்பன் பாலத்தில் யாருடைய பெயர்?

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். கூடவே பழைய பாலத்தின் புகழும் பாடப்பட்டது. 1914 பிப்ரவரி 24இல் திறந்தது, 145 கண்கள், கப்பலுக்கு வழிவிட நடுவே தூக்குப் பகுதி. அந்தப் பகுதிக்கு 'ஷெர்சர்' என்று பெயர். அந்த அமைப்பை உருவாக்கிய அமெரிக்கப் பொறியாளர் அவர். 1893இலேயே இறந்துவிட்டார், பாம்பனைப் பார்த்தவரில்லை. பெயர் நிற்கிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் கைவலுவால் சுற்றித் திறந்த தொழிலாளிகளின் பெயர் எங்கே?

1964 டிசம்பர் புயலில் 126 கண்கள் போயின. 46 நாளில் சீர்செய்த ஸ்ரீதரனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கடலுக்குள் கர்டர்கள் கிடந்த இடத்தைச் சொன்னவர்கள் எல்லாக் கட்டுரைகளிலும் வெறும் 'மீனவர்கள்'. திட்டமிட்டவருக்குப் பெயர், தோள் கொடுத்தவருக்குத் தொகை. தற்செயலா இது? மூளை உழைப்பு உயர்வு, உடல் உழைப்பு இழிவு என்பதுதானே சாதி நமக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்!

பாலம் என்றதும் ராமேசுவர யாத்திரையைப் பேசுகிறார்கள். போட் மெயிலை யார் பேசுகிறார்கள்? தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கங்காணிகள் திரட்டிய தோட்டக் கூலிகள் இவ்வழியேதான் இலங்கை போனார்கள். அவர்களில் பெரும் பங்கினர் பறையர், பள்ளர், சக்கிலியர். மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைத்து, அம்மை குத்தி, துணிமணியைக் கிருமிநீக்கம் செய்த பிறகே பாலம் ஏற விட்டார்கள். பக்தருக்குப் புண்ணியப் பாதை, எம் மக்களுக்குத் தேயிலைக்காட்டுப் பாதை.

அதே 1964இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுபதுகளில் என் பாட்டி கப்பலில் ராமேசுவரம் வந்து இறங்கி, இந்தப் பாலத்தைக் கடந்தார். "ரயில்ல ஒருத்தரும் பேசல, பாலம் மட்டும் சத்தம் போட்டுச்சு" என்பார். ஊர் அவரைச் 'சிலோன்காரி' என்றது. குடியிருக்க இடம் மட்டும் பழைய சேரியில்தான் காட்டியது. கடல் கடந்தும் அழியாத முகவரி!

பழைய பாலத்துக்கு நினைவுச்சின்னம் வைக்கட்டும், மறுப்பில்லை. அதற்கு முன்னால் ரயில்வே தன்னிடம் எஞ்சியிருக்கும் கூலிப் பட்டியல்களையும், அரசு மண்டபம் முகாமின் பதிவேடுகளையும் பொதுவில் திறக்க வேண்டும். பாட்டியின் குடும்ப அட்டை எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள பெயரை அந்தப் பதிவேட்டில் நான் தேட வேண்டும்.