வெளியே வரலாமா?

திருவொற்றியூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சென்ற வாரம் புதிய மடிக்கணினியுடன் நம் முன் வந்து நின்றாள். தந்தை தவணையில் வாங்கித் தந்தது. ஆய்வேட்டிற்காக நாம் தந்திருந்த பழைய கட்டுரைகள் யாவும் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருளை இறக்கினாள். கணினி இயக்க மறுத்துவிட்டது.

"எஸ் மோடிலிருந்து வெளியேறச் சொல்கிறது. வெளியேறினால் திரும்ப முடியாதாமே, ஐயா?"

முடியாதுதான். 2017இல் விண்டோஸ் 10 எஸ் எனத் தனிப் பதிப்பாக வந்து, மறு ஆண்டே ஒரு பயன்முறையாக மாறியது இது. விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பிலும் உண்டு. மைக்ரோசாஃப்ட் கடையில் பெறும் செயலிகள் மட்டுமே இதில் இயங்கும். வெளியேறக் கட்டணமில்லை, ஆனால் ஒருவழிப் பாதை.

வடசென்னை வாசிகளுக்கு இது விளங்காததன்று. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் அனுமதிச் சீட்டின்றி எந்த டிரெய்லரும் நுழைவதில்லை. அக்காவலை வீணென்று நாம் சொல்லோம். கண்ட இடத்தில் இறக்கிய கோப்பொன்றால் நச்சுநிரல் புகுந்து, பல்லாண்டு உழைப்பை இழந்த நண்பரை நாம் அறிவோம். கட்டுரை எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டும் கணினி வேண்டுவோர் உள்ளேயே இருக்கலாம். தமிழ்99 விசைப்பலகைகூட 2019 முதல் விண்டோஸிலேயே கிடைக்கிறது.

ஆனால் கணித்தமிழ் வளர்ந்தது வாயிற்காவலுக்கு வெளியே. இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றை ஆர்வலரும் சிறு நிறுவனத்தாரும் ஆக்கி நேரே நம் கையில் தந்தனர். ஒருங்குறி பரவுமுன் எழுதப்பட்டவை பற்பல எழுத்துருக்களில் சிதறிக் கிடக்கின்றன. இணையப் பக்கங்களில் ஒட்டி மாற்றலாம் என்பர். ஓரிரு பத்திக்கு அது சரி. ஆங்கிலச் சொற்களும் அடிக்குறிப்புகளும் விரவிய நூறு பக்க ஆவணத்தில் ஆங்கிலமும் சேர்ந்து சிதைந்துவிடும். ஒரு நிறுவனத்தின் கடையில் இல்லை என்பதற்காக ஒரு தலைமுறை எழுத்தைப் படிக்காமல் விடுவது தமிழ் மாணவர்க்குத் தகாது.

ஆகவே வெளியே வரலாம் என்றோம். தம்பியும் அதே கணினியில்தான் விளையாடுவான் என்று தயங்கினாள். அவனுக்கு நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கு திறக்கவும், ஆய்வேட்டின் படியொன்றைப் பென்டிரைவில் வைக்கவும், உருவாக்கியவரின் சொந்தத் தளமன்றி வேறெங்கும் மென்பொருள் இறக்காதிருக்கவும் சொல்லி அனுப்பினோம். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றாள். அதுவும் முறைதான், தவணை இன்னும் முடியவில்லை.