முயலின் முதுகும் நமது முகமும்

கரப்பனுக்கும் தோல் அழற்சிக்கும் வைத்தியர் எழுதித் தரும் ஐதரோகோட்டிசோன், பீட்டாமெத்தசோன் களிம்புகளை அறியாத வீடுகள் நம்மிடையே குறைவு. இவை ஸ்டெரொயிட் வகை மருந்துகள். 1952 இல் ஐதரோகோட்டிசோன் களிம்பு தோல் நோய்க்குப் பலன் தருவது தெரியவந்தபோது, இரவெல்லாம் சொறிந்து தவித்தவர்களுக்கு நிம்மதி பிறந்தது. ஆனால் இத்தகைய மருந்து நம் கைக்கு வருமுன் எந்த உயிர்களின் தோலில் பூசப்பட்டது என்று நாம் கேட்பதில்லை.

முயல், எலி, சிறுவகைப் பன்றி போன்றவற்றின் முதுகு உரோமத்தை மழித்து, வாரக்கணக்கில் களிம்பைப் பூசுகிறார்கள். தோல் சிவக்கிறதா, மெலிகிறதா, உடல் நிறை குறைகிறதா எனப் பார்க்கிறார்கள். மருந்து குருதியில் கலந்து அதிரீனல் சுரப்பியைச் சுருங்கச் செய்ததா என்று அறிய, இறுதியில் அவ்விலங்கைக் கொன்று உறுப்புகளைச் சோதிக்கிறார்கள்.

இதனால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. கருவுற்ற சுண்டெலிகளுக்குக் கோட்டிசோன் கொடுத்தபோது குட்டிகள் பிளவுபட்ட அண்ணத்துடன் பிறந்தன. கர்ப்பிணிகள் விடயத்தில் வைத்தியர்கள் கவனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயினும் முயலின் தோல் நமது தோலல்ல. அது மருந்தை எளிதில் உறிஞ்சிவிடும். களிம்பின் வீரியத்தை மனிதரின் முன்கையிலேயே பூசி, தோல் வெளிறுவதைக் கொண்டு அளக்கும் முறை 1962 இலேயே வந்துவிட்டது. தோல் எரிச்சலை அறிய, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் மனிதத் தோற்படை இன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் விலங்குகளில் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையைத் தடுத்துள்ளது. மாற்றுவழி இருக்கும் சோதனைக்கு இனியும் ஒரு முயலைப் பலியிடுவது நியாயமல்ல. முழு உடலிலும் ஏற்படும் விளைவை அறிய இன்னும் முழுமையான மாற்று இல்லை. அங்கே விலங்குகளின் எண்ணிக்கையையும் வேதனையையும் குறைப்பது கடமை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை ஹதீஸில் படித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. அந்த விலங்குகள் உயிரைக் கொடுத்துச் சொன்ன எச்சரிக்கை, களிம்புப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது. நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும். முகத்தில் பருக்களும் சிவந்த நுண்குழாய்களும் தோன்றும். அதை வாசிக்காமலே, கல்யாணத்துக்கு முன் முகம் வெளுக்க வேண்டுமென்று வீரியம் கூடிய களிம்பை மாதக்கணக்கில் பூசுபவர்கள் இருக்கிறார்கள். விபரம் எதுவும் அச்சிடப்படாத வெண்மைக் கிறீம்களிலும் இதே மருந்து கலந்திருப்பதுண்டு. நோய் தீர்க்கவென்று பறிக்கப்பட்ட உயிர்களை நாம் நிறத்துக்காக வீணாக்குகிறோம்.

தோழியரே, வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை மட்டும் பூசுங்கள். பல மாதங்களாகப் பூசி வருபவர் வைத்தியரிடம் காட்டியே நிறுத்துங்கள். உம்மாமாரே, பெண் பார்க்க வருவோர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி மகளின் கையில் கிறீமைக் கொடுக்காதீர்கள். அல்லாஹ் தந்த நிறம் ஒரு நோயல்ல. அதற்கு மருந்தும் வேண்டாம்.