ஆசிரியரின் கையில் ஒரு சிறுதொகை

வங்கிக் கிளைகள் பலவற்றில் அரசுப் பள்ளிகளின் கணக்குகள் உள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் அவை பெரும்பாலும் இருக்கும். தலைமையாசிரியரும் குழுவைச் சேர்ந்த பெற்றோர் ஒருவரும் இணைந்து கையொப்பமிடுவர். தொகையும் சிறிது, வரவுசெலவும் சிறிது. ஆயினும் இத்தகைய கணக்குகளை ஆண்டாண்டாகப் பார்த்துவரும் நமக்கு ஒன்று நன்கு தெரியும். பள்ளி திறக்கும் ஏப்ரலிலோ ஜூனிலோ பணம் வருவது அரிது. தேர்வு நெருங்கும் வேளையில் அது வந்து சேரும். மார்ச் 31க்குள் செலவிட்டுப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்ற அவசரமும் உடன் வரும். நாடு தழுவிய பைசா ஆய்வுகளும் பள்ளி மானியங்கள் காலம் தாழ்ந்து வருவதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டின.

அரசுப் பள்ளி ஆசிரியர் தம் வகுப்பில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க எவ்வளவு பணம் தேவை? பெருந்தொகை தேவையில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. மாணவர் தாமே சோதனை செய்து விடை காண்பதே அதன் அடிப்படை. சோதனைக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டி பள்ளிக்கு வழங்கப்பட்டது. அத்திட்டத்தில் பங்கேற்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாயின் சிறு துண்டுகளையும் கொண்டு வடிவங்கள் அமைக்கும் முறையை உருவாக்கினார். மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம். அதை அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கை இணைத்தால் சதுரம். விரல் பட்டதும் சாய்ந்துவிடும். பாலங்களிலும் கூரைச் சட்டங்களிலும் முக்கோணங்கள் ஏன் நிறைந்துள்ளன என்பதை ஐந்தாம் வகுப்புக் குழந்தை தன் விரலாலேயே அறிந்துகொள்கிறது. இதற்கான செலவு ஒரு கோப்பைத் தேநீரின் விலையைத் தாண்டாது. ஆனால் வகுப்பில் நாற்பது குழந்தைகள் இருப்பின், நாற்பது பேருக்கும் பொருள் வேண்டும். தீர்ந்தால் மீண்டும் வாங்க வேண்டும். பெட்டியை ஒருமுறை கொடுப்பது எளிது. தீர்ந்த பொருளை மறுபடி நிரப்புவதற்குத்தான் ஆசிரியரிடம் பணம் இருக்க வேண்டும்.

இவ்வுண்மையை அரசு அறியாமல் இல்லை. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்திலும், பின்னர் 2001இல் வந்த அனைவருக்கும் கல்வித் திட்டத்திலும், கற்பித்தல் கருவிகள் செய்துகொள்ள ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் ஒதுக்கப்பட்டது. அட்டை, வண்ணத்தாள், பசை, நூல், மணிகள் என அன்றைய விலையில் அது ஓராண்டுக்கு ஓரளவு போதுமானது. தொகையைக் காட்டிலும் அது யாருக்கு உரியது என்பதே முக்கியம்: பள்ளிக்கன்று, ஆசிரியருக்கு.

அவ்வுரிமை இன்று கரைந்துவிட்டது. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் பள்ளிக்கென ஒரே கூட்டு மானியம் வந்தது. மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஆண்டுக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சிறிய பள்ளிகளுக்கு அதில் ஒரு சிறு பங்கே. மின்கட்டணம், குடிநீர், பழுதுபார்ப்பு, விளையாட்டுப் பொருள், ஆய்வகம், கற்பித்தல் கருவி அனைத்தும் அதிலிருந்தே. தூய்மைப் பணிக்குக் குறைந்தது 10 சதவீதம். மின்கட்டண ரசீதும் ஆசிரியரின் வண்ணத்தாளும் ஒரே பையில் போட்டியிட்டால் எது வெல்லும் என்பதைக் கூற வேண்டியதில்லை. மறுபுறம், அடல் டிங்கரிங் ஆய்வகத்திற்குத் தேர்வாகும் ஒரு பள்ளிக்கு ஐந்தாண்டுகளில் 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அத்திட்டத்தை நாம் குறை கூறவில்லை. அது ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கானது, தேர்வான பள்ளிகளுக்கானது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை என் செய்வார்?

சிறுதொகையை ஆசிரியரிடம் நம்பிக் கொடுத்தால் கணக்கு என்னாகும் என்பது வழக்கமான கேள்வி. வங்கியில் பணியாற்றும் நமக்கு இக்கேள்வி சற்று வேடிக்கையாகவே படுகிறது. ஒரு கிளை மேலாளர் விளக்கு மாற்றவும் தாழ்ப்பாள் வாங்கவும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்பதில்லை. அவருக்குச் சில்லறைச் செலவு அதிகாரம் உண்டு. செலவுச் சீட்டை இணைத்துவிட்டால் போதும். 1992இல் நபார்டு வங்கி 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியபோதும், அடமானம் இல்லாதவர்க்குக் கடனா என்ற ஐயம் நம் துறையில் வலுவாகவே எழுந்தது. இன்று நாடெங்கும் இலட்சக்கணக்கான குழுக்கள் கணக்கு வைத்திருக்கின்றன. ஆசிரியருக்கு அளிக்கப்படுவதோ கடன்கூட அன்று.

வழங்கும் முறையில்தான் நாம் கவனமாயிருக்க வேண்டும். புதுமையான திட்டங்களுக்கு விண்ணப்பம் பெற்றுச் சிறந்தவற்றிற்கு மானியம் தரும் முறை பல அறக்கட்டளைகளிடம் உள்ளது. அது நல்லதே. ஆனால் விண்ணப்பம் அழகாக எழுதத் தெரிந்த, இணைய வசதியுள்ள நகரத்து ஆசிரியருக்கே அது முதலில் போய்ச் சேரும். மலையடிவாரத்தில் ஐந்து வகுப்புகளையும் தனியே நடத்தும் ஓராசிரியர் பள்ளிக்காரருக்கு விண்ணப்பம் எழுத நேரம் ஏது? ஆகவே கேளாமலேயே அனைவருக்கும் ஒரு சிறுதொகை, அதுவும் பள்ளி திறக்கும் மாதத்தில் என்பதே முதற்படியாக இருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதற்கு மேல் போட்டியும் பரிசும் இருக்கட்டும். 2021 முதல் திட்டப் பணம் மாநிலத்திற்கு ஒரே முதன்மைக் கணக்கில் வைக்கப்பட்டு, பள்ளிகளுக்குச் செலவு வரம்பு மட்டும் அளிக்கப்படுகிறது. பணம் பல இடங்களில் முடங்கிக் கிடப்பதை இது குறைத்தது உண்மை. அதே முறையில் ஏப்ரலிலேயே வரம்பை அளிப்பதற்கும் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

வாடிக்கையாளர்கள் பலர் தாம் படித்த அரசுப் பள்ளிக்கு ஏதேனும் செய்ய விரும்புவதாக நம்மிடம் கூறுவதுண்டு. பொதுவாக அது ஓர் இரும்பு அலமாரியாகவோ சுவர்க் கடிகாரமாகவோ முடிகிறது. பள்ளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் நன்கொடையாளரின் பெயரும் அதில் இருக்கும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் வித்யாஞ்சலி இணையதளத்தில் பள்ளிகள் தம் தேவைகளைப் பதிந்துவருகின்றன. பொருளாகவும் உழைப்பாகவும் உதவலாம். ஆயினும் நேரில் சென்று வகுப்பாசிரியரைக் கேட்பதே மேல். முகம் பார்க்கும் கண்ணாடி, உருப்பெருக்கிக் கண்ணாடி, எடைக்கற்கள், நூற்கண்டு, வெப்பமானி, விதைகள் என அவர் தரும் பட்டியல் ஆயிரம் ரூபாயைத் தாண்டாமலும் இருக்கலாம். பள்ளி திறந்த முதல் இரு வாரங்களில் செல்லுங்கள். கொடுத்த பொருளை இருப்புப் பதிவேட்டில் தலைமையாசிரியர் பதிந்துகொள்ளும்படி கேட்டு, கடைச் சீட்டின் நகலையும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த தணிக்கையின்போது அந்த ஆசிரியர் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேராது.