திறவுகோல் யார் கையில்?

ஆங்கிலேயர் ஆட்சியில், 1870 முதல், கோடை வந்ததும் சென்னை சர்க்கார் உதகமண்டலத்துக்கு மலையேறி விடுவது வழக்கம். ராஜ்ய உத்தரவுகள் தந்திக் கம்பி வழியே சமவெளிக்கு இறங்கின. அக்கம்பியில் செல்லும் பிரஜைகளின் செய்திகளை இடைமறித்துப் படிக்கும் அதிகாரத்தை 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் சர்க்காருக்கு அளித்தது. 1947-இல் அந்நிய ஆட்சி அகன்றது; அந்த அதிகாரம் அகலவில்லை. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அது நிலைபெற்றிருக்கிறது.

எவராலும் படிக்க முடியாத எழுத்து உண்டா? உண்டு என்று அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1949-இல் நிரூபித்துக் காட்டினார். குன்னூர்த் தேயிலை ஏலத்தில் கிலோவுக்கு 120 ரூபாய் வரை கேட்கலாம் என்று ஒரு வியாபாரி தம் ஏஜெண்டுக்குத் தெரிவிப்பதாகக் கொள்வோம். இருவருக்கும் மட்டும் தெரிந்த திறவுகோல் 457. இலக்கத்துக்கு இலக்கம் கூட்டி, பத்தை எட்டினாலோ தாண்டினாலோ பத்தைத் தள்ளிவிட்டு, 577 என்று அனுப்புகிறார். நடுவில் கைப்பற்றியவன் என்ன அறிவான்? திறவுகோல் 477 ஆனால் விலை 100. 327 ஆனால் 250. ஆயிரம் எண்களில் எதுவும் சமமாகவே பொருந்தும். எத்தனை பெரிய யந்திரம் கொண்டு ஆராய்ந்தாலும், முன்பு அறியாத எதையும் அவன் அறியப் போவதில்லை.

ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. திறவுகோல் செய்தியளவு நீளமாகவும், குருட்டுவாக்கில் தேர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். ஒருமுறைக்கு மேல் பயன்படலாகாது. இக்கடைசி விதியைச் சோவியத் ஒற்றர்கள் 1940-களில் மீறியதால், அவர்களுடைய செய்திகளில் ஒரு பகுதியை அமெரிக்கர் படித்துவிட்டனர்.

திறவுகோலைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது எங்ஙனம்? 1984-இல் நமது பெங்களூரில் கூடிய சர்வதேச மாநாட்டிலேயே சார்ல்ஸ் பென்னட்டும் ஜில் பிராஸாரும் ஒரு வழி கூறினர். ஒளித்துகள்களில் அதனை அனுப்பினால், ஒட்டுப்பார்ப்பவன் தொட்ட மாத்திரத்தில் அவை கலைந்து அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை இசைவளித்தது; அதன் செய்தித்தொடர்புப் பகுதிக்குச் சென்னை ஐ.ஐ.டி. மையமாகியுள்ளது. இதனை மனமார வரவேற்கிறோம். வெல்லிங்டனில் பயிலும் முப்படை அதிகாரிகளின் செய்தி பகைவர் கையில் சிக்கலாகாது என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

ஆயின், அதே மலையில் தேயிலை பறிக்கும் தொழிலாளி தன் சங்கத்துக்கு அனுப்பும் செய்திக்குக் காவல் எது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, மறைத்த செய்தியைத் திறந்து காட்ட உதவ மறுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறைவாசம். உத்தரவிடுபவர் நீதிபதியல்லர், சாதாரணமாக உள்துறைச் செயலாளரே. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்த பின்னரும் இந்நிலை நீடிக்கிறது.

துஷ்டர்கள் ஒளிந்துகொள்வார்களே என்பர். அவர்களைத் தேடுவது சர்க்காரின் கடமையே. ஆனால் தேடுகிறவரே அனுமதியும் வழங்கிக்கொள்வது நியாயமாகாது. அவசரமெனில் நீதிபதியின் கதவை நள்ளிரவிலும் தட்டலாம். நீதிபதியின் உத்தரவின்றிப் பிரஜையின் திறவுகோலைக் கேட்கலாகாது என்று பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்த வேண்டுமென வற்புறுத்துகிறோம். தனக்கு உடையாத பூட்டைத் தேடும் சர்க்கார், பிரஜையின் பூட்டையும் மதிக்கக் கற்கட்டும்.