டப்பிங் கலைஞரின் பெயர் எங்கே?

1993இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழு’ மலையாளப் படத்தில் ஷோபனா இரண்டு பெண்களாக மாறுகிறார். கங்கா பேசுவது மலையாளம். அவளுக்குள்ளிருந்து எழும் தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லி பேசுவது தமிழ். அந்த நடிப்பு ஷோபனாவுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்றுதான் ரசிகர்கள் நம்பினார்கள். அது துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞரின் குரல் என்பதை இயக்குநர் பாசில் 2016இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகே ஊர் அறிந்தது. 23 ஆண்டுகள் ஒரு கலைஞரின் உழைப்பு வேறொருவர் கணக்கில் இருந்திருக்கிறது. இதைத் தனிமனிதர் யாருடைய குற்றமாகவும் நாம் பார்க்கவில்லை. குரல் கொடுத்தவரின் பெயரைப் பதிவு செய்வது கடமை என்று கருதாத ஒரு தொழிலில் இது நடந்தே தீரும். குரல் கொடுப்பதும் நடிப்புதான். அதற்குப் பெயரும் வேண்டும், படத்தின் வெற்றியில் நியாயமான பங்கும் வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் வாதம்.

அதை நடிப்பு என்று ஏற்கத் தயங்குகிறவர்கள் டப்பிங் தியேட்டரில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். காட்சி சிறு சிறு துண்டுகளாகத் திரையில் ஓடுகிறது. படப்பிடிப்பில் பதிவான பைலட் குரல் ஹெட்போனில் கேட்கிறது. தமிழ் தெரியாத நடிகையாக இருந்தால் அதில் பாதி வசனம் குளறுபடியாகவே இருக்கும். நடிகையின் உதடு மூடும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ விழ வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் வாங்க வேண்டும். ஓடி வந்த களைப்பையும் அழுகையை அடக்கிய தொண்டையையும் மைக்கின் முன்னே நின்ற இடத்திலிருந்தே உண்டாக்க வேண்டும். ‘பம்பாய்’ படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணியும், ‘மின்சாரக் கனவு’ படத்தில் கஜோலுக்கு ரேவதியும் குரல் கொடுத்தார்கள். தேர்ந்த நடிகைகளை இயக்குநர்கள் அதற்குத் தேடிப் போனதே, அது வெறும் வசன வாசிப்பு அல்ல என்பதற்குப் போதிய சான்று.

குரலுக்கு உரியவர் யாரென்று வெளியே தெரிந்தால் நட்சத்திரத்தின் மாயம் கலைந்துவிடும் என்பது பழைய வாதம். தமிழ்ச் சினிமாவே இதை என்றோ பொய்யாக்கிவிட்டது. சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன் என்பது சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். அதனால் எவருடைய நாற்காலியும் ஆடவில்லை. மோகனை எடுத்துக்கொள்வோம். அவருக்காகப் பாடிய எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் பெயர் இசைத்தட்டு உறையிலேயே இருந்தது. படத்துக்குப் படம் அவருக்காகப் பேசிய எஸ்.என்.சுரேந்தரின் பெயரோ பெரும்பாலான ரசிகர்களை எட்டவே இல்லை. ஒரே நடிகருக்கு இரவல் தந்த இரண்டு குரல்களில் ஒன்றுக்குப் புகழும் மற்றதற்கு மறைவும் கிடைத்ததற்குக் கலை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. வெளிநாட்டுப் படங்களைக் குரல் மாற்றியே பார்த்துப் பழகிய ஜெர்மனியில் ஸ்டாலோனுக்கும் ஸ்வார்ஸ்நேக்கருக்கும் பல்லாண்டு பேசியவர் ஒரே ஆள், தாமஸ் டானெபெர்க். 2023இல் அவர் இறந்தபோது அந்நாட்டு ஊடகங்கள் அவரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தன. அந்த இரு நட்சத்திரங்களின் புகழ் இதனால் மங்கிவிடவில்லை.

பேசிய கூலியைக் கொடுத்த பிறகு பாக்கி என்ன இருக்கிறது என்பது தயாரிப்பாளர்களின் கேள்வி. இதற்கும் ஜெர்மனியில் விடை உண்டு. ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ வரிசையின் முதல் மூன்று படங்களில் ஜானி டெப்புக்கு ஜெர்மன் குரல் கொடுத்த மார்கஸ் ஓஃப், படங்கள் ஈட்டிய பணத்துக்கும் தாம் பெற்ற கூலிக்கும் உள்ள இடைவெளியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். நாயகனுக்குக் கொடுத்த குரலை அற்பப் பங்களிப்பு என்று தள்ளிவிட முடியாது என்று 2012 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது; பிறகு பெர்லின் நீதிமன்றம் கூடுதல் தொகை வழங்கவும் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் குரல் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. பெயரே பதிவாகாத கலைஞர் எதைக் காட்டி நீதிமன்றப் படியேறுவார்? இந்தியாவில் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், படத்தில் தற்செயலாகத் தலைகாட்டி, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலிலும் இடம்பெறாதவரை நிகழ்த்துகலைஞராகக் கருதுவதில்லை; அவருக்கு மிஞ்சுவது மிகச் சிறிய உரிமை. படம் முழுக்க நாயகிக்குப் பேசியவர் இந்த விலக்கில் சிக்கக் கூடாது. ஆனால் பெயரின்மையைச் சட்டமும் ஓர் அளவுகோலாகக் கொண்டிருக்கும்போது, பெயர் போடாத வழக்கம் உரிமையை அரிக்கும் வழக்கமாகிறது.

நடிகர்களே சொந்தக் குரலில் பேசினால் இந்தச் சிக்கலே எழாது என்போரும் உண்டு. பேசட்டும், மகிழ்ச்சி. ஆனால் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதை நடிகரின் விருப்பமாக மட்டும் விட்டுவிட முடியாது. 2024இல் ‘லால் சலாம்’ பாடலுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் மீண்டும் உருவாக்கியபோது, அவர்களின் குடும்பங்களிடம் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கினார். அது நல்ல முன்மாதிரி. அங்கே கேட்பதற்கு ஒரு குடும்பம் இருந்தது, காரணம் அக்குரல்களுக்குப் பெயர் இருந்தது. பெயரற்ற குரலை எவரும் எடுத்து ஆளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இது சென்னையின் விவகாரம், மலேசியாவில் இருக்கும் நமக்கு என்ன என்று ஒதுங்க முடியாது. செபராங் ஜெயா சன்வே கார்னிவல் திரையரங்கில் டிக்கெட் வாங்கும் நாமும் அந்தக் குரல்களுக்குத்தான் பணம் கட்டுகிறோம். 2016இல் ‘கபாலி’ மலாய்க் குரலிலும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. இங்கும் குரல் கலைஞர்கள் உழைக்கிறார்கள். வானொலி நாடகங்கள் கேட்டு வளர்ந்த சமூகம் நாம். முகம் பாராமலே கலைஞர்களைக் குரலால் அறிந்து, பெயர் சொல்லிக் கொண்டாடியவர்கள். ஆகவே உள்ளூர்த் தயாரிப்பாளர்களிடமும் தொலைக்காட்சி நிலையங்களிடமும் நாம் கேட்பது இரண்டு: எந்தக் கதாபாத்திரத்துக்கு யார் குரல் என்பதைப் பெயர்ப் பட்டியலில் எழுதுங்கள், மறு ஒளிபரப்புக்கும் இயந்திரப் பயன்பாட்டுக்கும் தனி அனுமதியும் தனி ஊதியமும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இந்த இதழ் வெளியிடும் திரை விமர்சனங்களில் இனி நடிகர் பெயருக்கு அருகில் குரல் கொடுத்தவர் பெயரும் இடம்பெறும். வாசகர்களும் படம் முடிந்ததும் எழுந்துவிடாமல் அந்தப் பட்டியலைப் படியுங்கள். பெயர் இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.