திரையில் 5 ரூபாய்... கையில் எவ்வளவு?

ஓமலூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் இன்றைக்கு முட்டையை என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்ய, முதலில் நாமக்கல் விலையைப் பார்க்கிறார். என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் மண்டலத்துக்கான பண்ணை விலையை அறிவிக்கும். முன்பு பேப்பரில் பார்த்த எண், இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. பண்ணைக்காரர், லாரியில் முட்டை ஏற்றும் வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என எல்லோருடைய கணக்கும் அந்த எண்ணில்தான் தொடங்குகிறது.

பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து வாங்கும் 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' மென்பொருள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். சிதறிக் கிடக்கும் தகவலைத் திரட்டி, முடிவெடுக்க வேண்டியவர் கண்முன் வைப்பது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இந்தப் பெயரில் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அன்று கனவாக இருந்தது, இன்று நடுத்தரக் கோழிப் பண்ணையின் செல்போனிலும் இருக்கிறது. எத்தனை கோழி, எவ்வளவு தீவனம், எத்தனை முட்டை, எவ்வளவு லாபம்... எல்லாம் ஒரே திரையில், கலர் கலராக.

சரி, அந்தத் திரை நல்ல திரையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கலரை வைத்தா?

இந்தப் பகுதி முட்டை வியாபாரத்தில் நீண்ட காலமாகப் புழங்கும் ஒரு சொல் இருக்கிறது: மைனஸ். அறிவித்த விலையிலிருந்து வியாபாரி குறைத்துக்கொண்டு தரும் தொகை. 'இன்னிக்கு விலை என்ன?' என்று கேட்டால் அது பாதிக் கேள்விதான். 'மைனஸ் போக எவ்வளவுங்க?' என்பதுதான் முழுக் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பண்ணையில் தினமும் 45,000 முட்டை. அறிவித்த விலை 5 ரூபாய், மைனஸ் 40 காசு, ஒரு முட்டைக்கு ஆகும் செலவு 4 ரூபாய் 70 காசு என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அறிவித்த விலையை மட்டும் எடுத்துக்கொண்டால், நாளுக்கு 13,500 ரூபாய் லாபம் என்று பச்சை நிறத்தில் காட்டும். கைக்கு வருவதோ 4 ரூபாய் 60 காசு. நாளுக்கு 4,500 ரூபாய் நஷ்டம். வித்தியாசம் ஒரே நாளில் 18,000 ரூபாய். அந்தப் பச்சையை நம்பி ஒருவர் புது ஷெட் போட வங்கியில் கடன் வாங்கினால் என்ன ஆகும்? மென்பொருளில் கூட்டல் கழித்தல் எதுவும் தப்பில்லை. உள்ளே போன 'விலை' என்ற சொல்லுக்குத்தான் அர்த்தம் தப்பு.

1982-ல் பி.வி.ராவ் முன்னின்று என்.இ.சி.சி-யைத் தொடங்கியபோது நோக்கமே, முட்டை விலையை இடைத்தரகர்கள் சொல்லாமல் பண்ணையாளர்கள் சொல்ல வேண்டும் என்பதுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு போராட்டம் இருக்கிறது. ஆனால், அது பேரம் தொடங்கும் இடம். பேரம் முடியும் இடம் பில்லில்தான் இருக்கும்.

தகவலின் தரம் பற்றி 1996-ல் ரிச்சர்ட் வாங், டயான் ஸ்ட்ராங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தரம் என்றால் என்ன என்று, தகவலைப் பயன்படுத்துகிறவர்களிடமே கேட்டார்கள். துல்லியம் மட்டும் போதாது. நேரத்துக்கு வர வேண்டும், நம் வேலைக்குப் பொருந்த வேண்டும், புரிய வேண்டும் என்று 15 அம்சங்கள் தேறின. நேரம் என்பது முட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புரட்டாசியில் விற்பனை படுக்கும், கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் முட்டையைத் தொடமாட்டார்கள், டிசம்பரில் கேக் சீசன் வரும். போன மாத நிலவரத்தை இந்த மாதம் அழகாக வரைந்து காட்டும் திரையால் யாருக்கு என்ன லாபம்?

துல்லியத்தை அளக்க பெரிய ஆடிட் எதுவும் தேவையில்லை. ஒரு வாரத்து பில்களை எடுத்து, திரையில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை பொருந்துகிறது என்பதே முதல் மார்க். இப்படிப்பட்ட ஒரு சோதனை நம் எல்லோருடைய போனுக்கும் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. தமிழகத்தில் 2017-ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தபின், கடையில் பில் போட்டதும் எஸ்.எம்.எஸ். வருகிறதல்லவா, அதுதான். வாங்காத பொருளுக்கு பில் விழுந்தால் கார்டுக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். ஓமலூர் கடையில் தப்பாக விழுந்த ஒரு பில் அங்கேயே சரியாகாவிட்டால், சென்னையில் அதிகாரி பார்க்கும் மொத்தக் கணக்கிலும் அந்தத் தப்பு இருக்கும். ஆகவே அந்த எஸ்.எம்.எஸ்-ஸைப் படிக்காமல் டெலிட் செய்துவிடாதீர்கள். வாங்காத பொருள் இருந்தால் 1967-க்குச் சொல்லலாம்.

இரண்டாவது அளவுகோல் பயன்பாடு. டெலோன், மெக்லீன் என்ற ஆய்வாளர்கள் 1992-ல் வெளியிட்ட, 2003-ல் திருத்திய அளவுமுறை, ஒரு சிஸ்டத்தை யார் பயன்படுத்துகிறார்கள், திருப்தியாக இருக்கிறார்களா, அதனால் பலன் என்ன என்பதையும் தரத்தோடு சேர்த்தே பார்க்கிறது. ஆனால் எத்தனை பேர் லாக்-இன் செய்தார்கள் என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். முதலாளி கேட்பார் என்று தினமும் பிரின்ட் எடுத்து ஃபைலில் போடுகிறவரும் லாக்-இன் செய்தவர்தான்! திரையைப் பார்த்ததால் ஒரு முடிவு மாறியதா? வயதான கோழிகளை ஒரு வாரம் முன்னதாகக் கழித்தார்களா, மக்காச்சோளத்தைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்தார்களா? எண்ண வேண்டியது அவற்றைத்தான்.

ஒரு பண்ணையிலோ கடையிலோ இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி, கல்லாப்பெட்டிப் பக்கம் பார்ப்பது. கம்ப்யூட்டர் வந்தபிறகும் அங்கே ஒரு நீளமான நோட்டு இருந்தால், சிஸ்டத்தை யாரோ முழுதாக நம்பவில்லை என்று அர்த்தம். அவரைத் திட்டி நோட்டைப் பிடுங்குவதுதான் பெரும்பாலான முதலாளிகளின் வழக்கம். அதற்குப் பதில் நோட்டைத் திறந்து படிக்கலாம். எந்த வியாபாரி எவ்வளவு மைனஸ் பிடித்தார், யார் பாக்கி வைத்திருக்கிறார், எத்தனை ட்ரே உடைந்து வந்தது... திரையில் இல்லாதது எல்லாம் அதில் இருக்கும். மென்பொருள்காரர் அடுத்த முறை வரும்போது, அவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.