மருந்து யாருக்காக?

"புற்றுநோய்க்குப் புதுமருந்து! விஞ்ஞானிகள் சாதனை!" என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட செய்திகளை நாம் எல்லோரும் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். பொம்மிடிக்குப் போயிருந்தபோது, அப்படிப்பட்ட செய்தித்தாள் துண்டு ஒன்றைத் தோழர் ஒருவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கக் கண்டோம். அவர் வீட்டிலே ஒரு நோயாளி. "இந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்? மேட்டுக்காட்டை விற்றாவது வாங்கிவிடுகிறேன்" என்றார். "எந்தக் கடையிலும் கிடைக்காது, தோழரே" என்று சொல்ல நேர்ந்தபோது நமக்கு நெஞ்சு கனத்தது.

அந்தச் செய்தி பொய்யா? பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நடப்பது என்ன என்பதைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ரசாயன ஆராய்ச்சிசாலையில் மாணவர்கள் சில பொருள்களைச் சேர்த்துக் காய்ச்சி, வடித்து, சுத்தப்படுத்தி, இதற்குமுன் இல்லாத புதுக் கூட்டுப்பொருள் ஒன்றை உண்டாக்குகிறார்கள். அது புற்றுநோயின் செல்களைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும். பல்லாங்குழிப் பலகையைப் போல 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குச் சில ஆயிரம் புற்று செல்கள். அவை உண்டு வாழ ஊட்டக் கரைசல். உடம்புச் சூடான 37 டிகிரி வெப்பம். குழிக்குக் குழி அளவைக் கூட்டிக்கொண்டே புதுப்பொருளை விடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில குழிகளில் மருந்தே விடுவதில்லை. வேறு சிலவற்றில் ஏற்கெனவே தெரிந்த மருந்தை விடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் சென்றபின் ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்றுகிறார்கள். உயிருள்ள செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த செல் மாற்றாது. ஊதா வெளுத்த குழியிலே புதுப்பொருள் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். செல்களில் பாதியை ஒழிக்க எவ்வளவு தேவைப்பட்டது என்பதே அதன் வலிமைக்கு அளவுகோல்.

இது நேர்மையான வேலை, தேவையான வேலை. ஆனால் இது முதற்படி! தட்டிலே இருக்கும் செல்லைக் கொல்வது பெரிதல்ல. வெந்நீரை ஊற்றினாலும் சாகும், பூச்சிமருந்தை ஊற்றினாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவைத்துக் கெட்ட செல்லை மட்டும் கொல்கிறதா? உடம்புக்குள் போனபின் கட்டியைச் சென்றடைகிறதா? ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்காமல் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குத் தட்டு பதில் சொல்லாது. எலியிடம் பார்க்க வேண்டும். பிறகு மனிதர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, படிப்படியாகப் பார்க்க வேண்டும். ஆண்டுகள் பல ஆகும். மனிதரிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்துசேர்ந்த புற்றுநோய் மருந்துகளிலேயே நூற்றுக்குப் பத்துகூடக் கடைசியில் தேறுவதில்லை.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வீண்தானா என்று கேட்கலாம். வீணல்ல என்பதற்கு எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையே சாட்சி. 1895இல் பீமவரத்தில் பிறந்து நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் அவர். கதர் உடுத்தியதற்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, உரிய பட்டம் கிடைக்காமல் போனவர். 1923இல் அமெரிக்கா சென்று, பின்னாளில் லெடர்லே ஆராய்ச்சிசாலைக்குத் தலைவரானார். பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக, வேகம் பிடித்ததாகத் தோன்றியது. அந்தத் தோல்வியை அவர்கள் மூடி மறைக்கவில்லை. இது நோயை வளர்க்குமானால், இதற்கு எதிரான பொருள் நோயை அடக்கக்கூடுமே என்று எண்ணினார்கள். சுப்பாராவின் குழு செய்தளித்த அமினோப்டெரின் என்னும் செயற்கைப் பொருளைக் கொடுத்தபோது, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக 1948இல் அறிக்கை வெளிவந்தது. தணிந்ததே தவிர, தீரவில்லை, நோய் திரும்பியது. ஆனால் வழி திறந்துவிட்டது! அதன் இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் உலகெங்கும் உயிர் காக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார்.

இன்னொன்றையும் தோழர்கள் மறக்கலாகாது. ஆராய்ச்சிசாலைகளில் பெரிதும் பயன்படும் 'ஹீலா' செல்கள் யாருடையவை? ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் எடுக்கப்பட்டவை. புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர் அவர். அவரைக் கேட்காமலே எடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே இறந்தார்; அவர் செல்கள் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்துக் கம்பெனிகள் பணம் பண்ணின. அவர் குடும்பத்துக்கோ நெடுங்காலம் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஏழையின் உடம்பு ஆராய்ச்சிக்கு வேண்டும்; மருந்து மட்டும் ஏழைக்கு எட்டக்கூடாது என்றால் இது என்ன நியாயம்?

எட்டாதபடி செய்த கதையும் நம் சென்னையிலேயே நடந்தது. இரத்தப் புற்றில் ஒரு வகைக்கு இமாட்டினிப் நல்ல மருந்து. நோவார்ட்டிஸ் கம்பெனி அதைக் கிளிவெக் என்ற பெயரில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைச் சுமார் பத்தாயிரம் ரூபாய்க்குள் தந்தன. அதைத் தடுக்கும் காப்புரிமைக்காக நோவார்ட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டது. புற்றுநோயாளிகள் சங்கம் எதிர்த்து நின்றது. 2006இல் மனு தள்ளுபடியாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் வரை, பிறகு உச்சநீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் கம்பெனி தோற்றது. பழைய பொருளைச் சற்றே மாற்றிப் புதிது என்று சொந்தம் கொண்டாட முடியாது என்று நம் சட்டம் சொல்வதுதான் ஏழையைக் காத்தது. அந்தச் சட்டப்பிரிவு தானாக முளைக்கவில்லை. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது நாடாளுமன்றத்திலும் வெளியிலும் வாதாடிப் பெற்றது. பத்தாயிரமும் பொம்மிடியின் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளுகிறவருக்கு மலைதான். ஆனால் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்பது மரண தண்டனை!

ஆகவே நாம் சர்க்காரிடம் கேட்பது அதிகமல்ல. நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பிள்ளைகள் உண்டாக்கும் புதுப்பொருள்கள் தட்டோடு நின்று, ஒரு கட்டுரையாகவும் ஒரு பட்டமாகவும் முடிந்துவிடக் கூடாது. அடுத்த படிகளில் சோதிக்கப் பொதுச் செலவில் வசதி வேண்டும். தேறாத பொருள்களின் முடிவையும் வெளியிட வேண்டும். ஒருவர் தோற்ற வழியிலே இன்னொருவர் மறுபடி பணத்தைக் கொட்ட வேண்டாம். மக்கள் பணத்தில் பிறந்த மருந்தை எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தாலும், விலைக்கு வரம்பு கட்டித்தான் கொடுக்க வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு சொல். கொட்டை எழுத்துத் தலைப்பைப் பார்த்துக் காட்டை விற்காதீர்கள். கையிலிருக்கும் வைத்தியத்தைப் பாதியில் விடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கமுள்ளவர் வாயில் ஆறாத புண் கண்டால், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அடுத்த தடவை "மருந்து கண்டுபிடிப்பு" என்று படித்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: தட்டிலா, மனிதரிடமா? வந்தால் என்ன விலை?

முதல் கேள்விக்கு விஞ்ஞானிகள் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வாங்க வேண்டியது நாம்தான்!